புவியியல் பட்டம்: உள்ளே என்ன இருக்கிறது, அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்லூரி விண்ணப்பத்தில் 'புவியியல்' என்ற பெயரைப் பார்க்கும் மாணவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரைகள் வருகின்றன. "அதைப் படிச்சா வாத்தியார் வேலைதான்" என்பது ஒன்று. "ஜி.ஐ.எஸ். படிச்சா கம்ப்யூட்டர் வேலை, ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் உதவும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே பாடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அது தெரியாமல் மூன்று ஆண்டுகளை ஒப்படைப்பது சரியல்ல. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்கி, படிப்பு, வேலை, சேர்க்கை என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

சேர்க்கை நேரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும் பெயர்கள் நான்கு:

1. புவியியல். ஓர் இடத்தின் நிலம், நீர், காலநிலை, மக்கள், தொழில், குடியிருப்பு ஆகியவை ஒன்றையொன்று எப்படித் தீர்மானிக்கின்றன என்று படிப்பது. இயற்கைப் புவியியல், மானிடப் புவியியல் என்று இரண்டு கிளைகள். பட்டப்படிப்பில் இரண்டையும் படித்தாக வேண்டும்.

2. நிலவியல். பாறை, கனிமம், பூமியின் உள்ளமைப்பு ஆகியவற்றின் அறிவியல். சுரங்கம், நிலத்தடி நீர், எண்ணெய் அகழ்வு பக்கம் போகிறவர்கள் இதைப் படிக்கிறார்கள். புவி அமைப்பியல் என்றும் இதைச் சொல்வதால்தான் குழப்பம். விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வகுப்புக்கு வந்தபின் திகைக்கிறவர்கள் உண்டு.

3. தொலையுணர்வு. செயற்கைக்கோள், விமானம், ட்ரோன் ஆகியவற்றிலிருந்து பதிவாகும் படங்களைக் கொண்டு நிலத்தை அறிவது.

4. ஜி.ஐ.எஸ். அதாவது புவித்தகவல் முறைமை. வரைபடத் தகவல்களை அடுக்கடுக்காகக் கணினியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கணக்குப் போடும் கருவி. மூன்றாவதையும் நான்காவதையும் மையமாக வைத்த தனிப் படிப்பு புவித்தகவலியல். கிண்டி பொறியியல் கல்லூரியில் அது பி.இ. படிப்பாகவே இருக்கிறது.

ஜி.ஐ.எஸ். என்பது கருவி, புவியியல் என்பது பாடம். கருவியைச் சில மாதப் பயிற்சியில் ஓரளவு கற்றுவிடலாம். எந்த அடுக்கை எதன்மேல் வைத்தால் அர்த்தமுள்ள விடை கிடைக்கும், எங்கே வைத்தால் பொய்யான விடை கிடைக்கும் என்ற தெளிவுக்கு அந்தச் சில மாதம் போதாது. பட்டம் தர வேண்டியது அந்தத் தெளிவைத்தான்.

ஒரே மலைக்கு இரண்டு வரைபடங்கள்

பாடத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள, செய்திகளில் அடிக்கடி அடிபடும் மேற்குத் தொடர்ச்சி மலை விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் பெரும் நிலச்சரிவு. மறுநாளே மத்திய அரசு, ஆறு மாநிலங்களில் 56,800 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட பகுதியைச் சூழல் கூருணர்வுப் பகுதியாக, அதாவது சுரங்கம், குவாரி போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதியாக, அறிவிக்கும் வரைவை வெளியிட்டது. கேட்டவர்களுக்கு இயல்பாக எழுந்த கேள்வி: இதைத்தானே இந்த மலையை ஆராய மத்திய அரசே அமைத்த மாதவ் காட்கில் குழு 2011-லேயே சொன்னது? அப்புறம் ஏன் 2013-ல், அரசு அடுத்து அமைத்த கஸ்தூரிரங்கன் குழு வேறு எல்லை போட்டது?

அரசியல் காரணங்களும் மக்களின் எதிர்ப்பும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரைபடம் தயாரித்த முறையிலேயே மூன்று வேறுபாடுகள் இருந்தன. புவியியல் மாணவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

1. அளவிடும் அலகு. காட்கில் குழு மலைத்தொடரை ஏறக்குறைய 9 கி.மீ.க்கு 9 கி.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டது. ஒரு கட்டம் 81 சதுர கி.மீ. அதற்குள் சோலைக்காடும் இருக்கலாம், பேருந்து நிலையமும் இருக்கலாம். கஸ்தூரிரங்கன் குழு கிராமத்தை அலகாக எடுத்தது. ஒரு கிராமத்தின் பரப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ கூருணர்வு நிலமாக இருந்தால் முழுக் கிராமமும் பட்டியலில் வரும். அலகு மாறினால், அடியில் உள்ள தகவல் மாறாமலே வரைபடம் மாறிவிடும்.

2. எது இயற்கை? காட்கில் குழு மலைத்தொடர் முழுவதையும் கூருணர்வுப் பகுதியாகக் கருதி, மூன்று நிலைகளாகத் தரம் பிரித்தது. கஸ்தூரிரங்கன் குழு குடியிருப்பு, வயல், தோட்டம் உள்ள நிலத்தை 'பண்பாட்டு நிலம்' என்று ஒதுக்கிவிட்டு, மீதி 'இயற்கை நிலத்தில்' மட்டும் தேடியது. கடைசியில் மொத்தப் பரப்பில் சுமார் 37 சதவீதம் அதன் பட்டியலில் வந்தது.

3. படத்தின் கூர்மை. கஸ்தூரிரங்கன் குழு பயன்படுத்திய இந்தியச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் சுமார் 24 மீட்டர். மர நிழலில் வளரும் ஏலக்காய்த் தோட்டமும் இயற்கைக் காடும் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே பச்சை. இரண்டையும் பிரித்தறியப் படத்தோடு தரை ஆய்வும் வேண்டும்.

தன் நிலம் பட்டியலுக்குள் வருமா வராதா என்று காத்திருக்கும் ஒரு விவசாயியின் பார்வையிலிருந்து இந்த மூன்றையும் திரும்பப் படித்துப் பாருங்கள். வரைபடம் என்பது ஒருவர் எடுத்த முடிவுகளின் தொகுப்பு என்பது அப்போது புரியும். அந்த முடிவுகளைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கத் தெரிவதுதான் இந்தப் பட்டத்தின் உண்மையான மதிப்பு என்பது என் உறுதியான கருத்து.

மானிடப் புவியியலிலும் இதே வகைக் கேள்விதான். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. வீடு கிடைத்தது என்பது கணக்கில் ஏறியது. ஆனால் வீட்டு வேலைக்கோ மீன் விற்பனைக்கோ நடந்து போய்வந்த பெண்ணுக்கு வேலையிடம் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனால், பேருந்துச் செலவும் பயண நேரமும் சேர்ந்து அந்த வேலையையே விழுங்கிவிடும். தூரம் ஒரு குடும்பத்தின் வருமானத்தை எப்படி மாற்றுகிறது என்று அளப்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான். புதுக் குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கமாக அமைந்திருப்பதால், இயற்கைப் புவியியலும் அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது.

வகுப்பில் கை என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இது மூன்றாண்டுப் பட்டம். நிலத்தோற்றவியல், காலநிலையியல், கடலியல், மக்கள்தொகை, குடியிருப்பு, பொருளாதாரப் புவியியல், இந்தியாவின் மண்டலப் புவியியல் என்று தாள்கள் வரும். பட்டியலைப் படித்தால் பள்ளிப் பாடத்தின் நீட்சி போலத் தோன்றும். வேறுபாடு செய்முறை வகுப்பில்தான் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

*டோப்போ ஷீட்.* இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தை மாணவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அதில் ஒரு செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். ஊட்டியைக் காட்டும் தாளின் எண் 58 ஏ/11. பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். ஓர் இடத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்குள் பத்துக் கோடுகள் நெருங்கி வருகின்றன என்று வையுங்கள். 500 மீட்டர் நகர்வதற்குள் நிலம் 200 மீட்டர் ஏறுகிறது. சரிவு 40 சதவீதம், கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 22 டிகிரி. அதே இடத்தில் சாலைக் கோடு சரிவைக் குறுக்கே வெட்டிப்போகிறதா, வீட்டைக் குறிக்கும் சிறு கட்டங்கள் ஓடைக்கு எவ்வளவு பக்கத்தில் உள்ளன என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மண்சரிவு வரக்கூடிய சரிவுகளைக் கணினி இல்லாமல் பென்சிலாலேயே சந்தேகிக்கப் பழக்கும் பயிற்சி இது.

*செயற்கைக்கோள் படம்.* ஐரோப்பாவின் சென்டினல்-2 தரும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. சுமார் 223 சதுர மீட்டர். ஆக, ஒரு மனை இரண்டு புள்ளிகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அமெரிக்க லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 900 சதுர மீட்டர். அதற்குள் நான்கு மனைகள் அடங்கிவிடும். இந்தப் படங்களை வைத்து ஏரியின் பரப்பு சுருங்கியதைச் சொல்லலாம். "இந்த ஒரு வீடு ஆக்கிரமிப்பு" என்று சொல்ல முடியாது. இந்த வரம்பு தெரியாமல் சமூக ஊடகத்தில் சுற்றும் செயற்கைக்கோள் படங்கள் ஏராளம்.

*ஆயத்தொலை முறை.* உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்ட, உலகை 6 டிகிரி அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் 43-ஆம், 44-ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கக்கோடு திண்டுக்கல்லை ஒட்டித் தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. கோவை 43-ல், திருச்சியும் சென்னையும் 44-ல். கோவைத் தகவலுக்கு 44 என்று தவறாகக் குறித்துவிட்டால், கோவை கிழக்கே 650 கி.மீ. போல நகர்ந்து வங்காள விரிகுடாவில் விழும். அது கண்ணில் படும் பிழை, உடனே திருத்திவிடலாம். சில நூறு மீட்டர் மட்டும் நகரும் பிழைகள்தான் ஆபத்தானவை. வெள்ள எல்லைக்குள் இருக்கும் தெரு வரைபடத்தில் வெளியே போய்விடும், யாருக்கும் தெரியாது.

இவற்றோடு புள்ளியியலும் உண்டு. மாதிரி எடுப்பது, தொடர்பு காண்பது, மழைமானிகள் இல்லாத இடத்தின் மழையை அக்கம்பக்கத்து மானிகளைக் கொண்டு மதிப்பிடுவது எல்லாம் வரும். கணக்கென்றாலே ஓடிவிடலாம் என்று நினைத்து இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் சிரமப்படுகிறார்கள்.

அப்புறம் களப்பணி. ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலை நடந்தே பின்தொடர்வது, ஒரு வாரச்சந்தைக்கு எத்தனை ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டுக் குறிப்பது, ஊரில் தண்ணீர்த் தொட்டியும் சாலையும் எந்தத் தெருவரை வந்து நின்றுவிடுகின்றன என்று வரைவது போன்ற வேலைகள் இதில் அடங்கும். களப்பணி சுற்றுலாவாக மாறிவிட்ட துறைகளும் இருக்கின்றன. அங்கே படித்தால் பாதிப் பாடம் கைக்கு வராது.

இப்போது ஏன் திடீரென்று இந்தப் பேச்சு?

புவியியல் துறைகள் இங்கே புதியவை அல்ல. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு மூலமான நில அளவைப் பள்ளி 1794-ல் சென்னை ஜார்ஜ் கோட்டைப் பக்கத்தில் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தையே அளந்த பெரும் முக்கோண அளவைக்கு வில்லியம் லாம்டன் 1802-ல் அடிக்கோடு அளந்தது பரங்கிமலைப் பக்கத்தில். சமீபத்தில் மாறியது சட்டமும் தகவலின் விலையும்.

2021 பிப்ரவரி 15 வரை, இந்தியாவில் விரிவான வரைபடம் தயாரிக்கத் தனியார் நிறுவனங்கள் பல முன் அனுமதிகள் பெற வேண்டியிருந்தது. அன்று வந்த புதிய வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு அந்த அனுமதித் தேவையைப் பெருமளவு நீக்கின. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வந்தது. இன்னொரு பக்கம், லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல் படங்களும் இலவசம். அவற்றைக் கையாளும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஒரு காலத்தில் பெரிய ஆய்வகத்தில் மட்டும் முடிந்த வேலையை இன்று அரசுக் கல்லூரி மாணவர் ஒரு சாதாரண மடிக்கணினியில் செய்யலாம்.

அடுத்து வருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகிவிட்டது. "வேலூரின் மக்கள்தொகை குறைந்துவிட்டது" என்று யாராவது தலைப்புப் போட்டால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எல்லை மாற்றம் என்று வட்டம் (தாலுகா) வாரியாகப் பொருத்திப் பார்க்க ஆள் வேண்டும்.

வேலை: வழிகளும் அவற்றின் நிபந்தனைகளும்

1. ஆசிரியர் பணி. பட்டத்தோடு பி.எட்., தகுதித்தேர்வு என்றால் பட்டதாரி ஆசிரியர் வழி. முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் இருந்தால் முதுநிலை ஆசிரியர் வழி. புவியியல் பிரிவு எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் இல்லை என்பதால் இரண்டாவதில் இடங்கள் குறைவு. கல்லூரியில் கற்பிக்க நெட் அல்லது செட் எனும் தகுதித்தேர்வு. இதைத் தாழ்வாகப் பேசுவது தவறு. பள்ளியில் இந்தப் பாடம் தலைநகரங்களின் பட்டியலாகச் சுருங்கியதற்கு ஒரு காரணமே, புவியியல் படித்தவர்கள் அதை எடுக்காததுதான்.

2. ஜி.ஐ.எஸ். நிறுவனங்கள். நுழைவு நிலையில் கிடைப்பது பெரும்பாலும் படத்தைப் பார்த்துச் சாலை, கட்டடம் வரையும் வேலை. அதை இப்போது இயந்திரமே செய்கிறது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் கோடிக்கணக்கான கட்டட எல்லைகளைத் தானியங்கி முறையில் எடுத்து இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. எனவே வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. பைத்தான் நிரல், தரவுத்தள அறிவு, விடையைச் சரிபார்க்கும் திறன் ஆகியவை இருந்தால்தான் மேலே போகலாம்.

3. திட்டமிடல். நகரத் திட்டமிடலில் முதுநிலைப் படிப்புக்குப் பொறியியல், கட்டடக்கலை படித்தவர்களோடு புவியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களையும் எடுக்கும் நிறுவனங்கள் உள்ளன. டெல்லித் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி அவற்றில் ஒன்று. எனக்கு இது பலர் கவனிக்காத நல்ல வழியாகத் தெரிகிறது.

4. மத்திய, மாநில அமைப்புகள். இந்திய நில அளவைத் துறை, கொல்கத்தாவில் உள்ள தேசிய நிலவரைபட அமைப்பு, ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் போன்றவை. ஒவ்வோர் அறிவிப்பிலும் கல்வித்தகுதி மாறும். சில பணிகளுக்குப் பொறியியல் பட்டமோ புவித்தகவலியல் முதுநிலையோ கேட்பார்கள். புவியியல் படித்தாலே இஸ்ரோ என்று யாராவது சொன்னால் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படியுங்கள்.

5. குடிமைப்பணித் தேர்வு. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். புவியியலைப் பொறியாளர்களும் மருத்துவர்களும்கூட எடுக்கிறார்கள், பட்டம் கட்டாயமில்லை. பொது அறிவுத் தாள்களிலும் இந்தப் பாடம் வருவதால் படித்தவருக்கு ஆதாயம் உண்டு. ஆனால் தேர்வுக்காக மட்டும் பட்டத்தைத் தேர்வு செய்தவர், தேர்வு கைகூடாதபோது கையில் எந்தத் திறமையும் இல்லாமல் நிற்க நேரிடும். செய்முறை வகுப்பை வீண் என்று ஒதுக்குவதும் இவர்களில் சிலர்தான்.

புவியியலா, புவித்தகவலியலா?

கணக்கும் நிரல் எழுதுவதும் பிடிக்கும், கருவியை உருவாக்கும் பக்கம் போக வேண்டும் என்றால் புவித்தகவலியல் பொறியியல் பொருத்தம். ஓர் ஊரில் தண்ணீர் ஏன் நிற்கிறது, ஓர் ஊரிலிருந்து ஆட்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்ற கேள்வி துரத்துகிறது என்றால் புவியியல். இளநிலையில் புவியியலும் முதுநிலையில் புவித்தகவலியலும் படிப்பது பலருக்கும் சரிவரும் பாதை. கேள்வி முதலில், கருவி அடுத்து என்ற வரிசை அதில் இயல்பாகவே அமைகிறது.

சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி, கோவை நிர்மலா மகளிர் கல்லூரி போன்ற இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. பட்டம் பி.ஏ.வா, பி.எஸ்சி.யா? சில முதுநிலைப் படிப்புகளும் வேலை அறிவிப்புகளும் பி.எஸ்சி. என்றே கேட்கும்.

2. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருக்க வேண்டும்? விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

3. ஜி.ஐ.எஸ். ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு ஒரு கணினி கிடைக்கிறதா, இல்லை ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம்?

4. புள்ளியியல் தாள் உண்டா? பைத்தான் அல்லது ஆர் (R) நிரல்மொழி கற்றுத் தருகிறார்களா? இல்லையென்றால் அதை நீங்களே வெளியே கற்க நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

5. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் களப்பணி அறிக்கையைப் பார்க்க முடியுமா? இதை மட்டும் விடாமல் கேளுங்கள். அறிக்கையில் மாணவரே எடுத்த அளவுகள், அவரே வரைந்த வரைபடம், யாரிடம் என்ன கேட்டார் என்ற பட்டியல், எதிர்பார்த்தது வராமல் போன இடத்தைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். இருந்தால் அந்தத் துறையில் தயங்காமல் சேரலாம். குழுப் புகைப்படமும் இணையத்தில் எடுத்த படங்களும்தான் இருக்கின்றன என்றால் அடுத்த கல்லூரியில் விசாரியுங்கள்.